எழுநூற்றைம்பதார்

காலையில் காபிக்கு முன்னால் ராசிபலன் பார்க்கிறவர்கள் உண்டு. எழுநூற்றைம்பதார் சிபில் ஸ்கோர் பார்ப்பார். 300-இல் தொடங்கி 900-இல் முடிகிற அந்தக் கடன் மதிப்பெண் 750-ஐத் தொட்டால், ஊரப்பாக்கத்தில் ஒரு ஃபிளாட்டுக்கு வீட்டுக்கடன் நிச்சயம் என்பது அவர் கணக்கு. எண் வெகுநாள் 688-ஐ விட்டு நகரவில்லை. பெயரைத் தெரு முன்கூட்டியே வைத்துவிட்டது.

இத்தனைக்கும் ஒரு பைசா கடன் இல்லாத மனிதர். அதுதான் சிக்கலே. முன்பு கிரெடிட் கார்டு பாக்கி எகிறியபோது, பாதியைக் கட்டுங்கள், மீதியை விட்டுவிடுகிறோம் என்று வங்கி இறங்கிவந்தது. பேரம் படிந்த சந்தோஷத்தில் அன்றைக்கு வீட்டில் பிரியாணி. வங்கி விட்டது, சிபில் விடவில்லை. ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்று ஏறி உட்கார்ந்துகொண்டது. பிறகு அந்த மீதியையும் அழாக்குறையாகக் கட்டி, 'குளோஸ்டு' என்று மாற்றவைத்தார். கையில் வாங்கிய என்.ஓ.சி. லேமினேட் ஆகிப் பூஜை அறையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அதற்கும் பொட்டு உண்டு.

ஒழுங்காகக் கட்டுகிறவர் என்று காட்ட முதலில் கடன் வாங்க வேண்டுமே! சொந்தப் பணம் 20,000-ஐ எஃப்.டி. போட்டு, அதையே ஈடு காட்டி ஒரு ரூபே கார்டு வாங்கினார். யூபிஐயில் இணைத்து, கொத்தமல்லிக் கட்டு வரை அதில்தான் வாங்குவார். ஆனால் லிமிட்டில் முப்பது சதவீதத்தைத் தாண்டமாட்டார். தீபாவளிக்கு ஜவுளிக்கடையில் மனைவி ஒரு புடவையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவர் போனில் கணக்குப் போட்டுவிட்டு, "ஸ்டேட்மென்ட் தேதி இருபது. இருபத்தொண்ணு வந்து எடுத்துக்கலாமே" என்றார்.

"கையிலதான் காசு இருக்கேங்க?"

"காசு இருந்தா ஆச்சா? நான் திருப்பிக் கட்டுறது சிபில்காரனுக்குத் தெரிய வேணாமா?"

கடைக்காரர் புடவையை மெல்ல மடிக்கத் தொடங்கினார்.

தவணை தவறிய நாட்களைக் காட்டும் 36 மாதக் கட்டத்தில் மாதாமாதம் மூன்று சைபர் விழுந்தால் மனிதர் பூரித்துப்போவார். மகன் கணக்கில் ஒரே ஒரு சைபர் வாங்கியதற்குத்தான் அவ்வளவு ரகளை. மச்சான் வந்து, "மாமா, ஒரு ஜாமீன் கையெழுத்து..." என்று இழுத்தால், வராத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவார். மச்சான் கட்டாமல் விட்டால் அடி இவர் ஸ்கோருக்கும்தானே? பர்சனல் லோன் வேண்டுமா என்று கேட்டு அழைக்கும் பெண்ணிடம், "அம்மா, என் பேரை மட்டும் எங்கேயும் போட்டுப் பாத்துடாதீங்க" என்று கெஞ்சுவார்.

போன மாதம் 753 வந்தது. தெருவுக்கே லட்டு, கார்டில் வாங்கியது. வங்கிக்குப் போனார். மேனேஜர் ஸ்கோரை ஒரு நொடி பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஓகே சார். மூலப்பத்திரம், முப்பது வருஷத்து வில்லங்கம் கொண்டாங்க" என்றார்.

இப்போதெல்லாம் எழுநூற்றைம்பதார் நம் ஸ்கோரை விசாரிப்பதில்லை. காம்பவுண்டுச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது உங்க பாட்டன் சொத்தா? பாகப்பிரிவினை ரிஜிஸ்டர் ஆச்சா?" என்று ஆரம்பிக்கிறார்.