மோட்டார் சைக்கிள் ஒளியலங்காரம்: ஓர் ஆராய்ச்சி முன்னுரை

மோட்டார் சைக்கிளின் விளக்குகளை இரண்டு வகையாகப் பிரிப்பது மரபு: வழியைக் காட்டும் முகப்பு விளக்கு ஒன்று, வண்டி இருப்பதையும் அது திரும்பப்போவதையும் பிறருக்கு அறிவிக்கும் பின்விளக்கும் இண்டிகேட்டரும் மற்றொன்று. புதுச்சேரி நகரின் வடபகுதியான முத்தியால்பேட்டையில், விளக்கு வைத்த பின் மகாத்மா காந்தி சாலையோரம் சற்று நேரம் நிற்பவர், இந்தப் பாகுபாடு போதாது என்பதையும், டேங்கின் அடியில் நீலமாகவும் எஞ்சினைச் சுற்றிப் பச்சையாகவும் ஒளிரும் மூன்றாம் வகை ஒன்று உண்டு என்பதையும் தெரிந்துகொள்வார். இவ்வகையின் முதன்மை இலக்கணம், காசு கொடுத்து வாங்கியவர் அதைக் காண முடியாது என்பதாகும். ஓட்டுபவரின் முழங்காலுக்குக் கீழே எரியும் ஒளி, எதிரே வருபவருக்கும் டீக்கடை பெஞ்சில் இருப்பவருக்கும் தெருநாய்க்கும் முழுமையாகத் தெரிய, உரிமையாளருக்கு மட்டும் துணிக்கடைக் கண்ணாடியில் ஓரிரு விநாடி தென்பட்டு மறைகிறது. கண்ணாடி முகப்புள்ள கடைகளுக்கு எதிரே சில வண்டிகள் காரணமின்றி வேகம் குறைவதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. இந்த அளவுக்குத் தன்னலம் கலவாத செலவு இக்காலத்தில் அரிது.

இவ்வொளியின் மூலம் எல்.இ.டி., அதாவது மின்சாரம் ஒரு திசையில் பாயும்போது ஒளி உமிழும் குறைக்கடத்திச் சில்லு. கண்ணுக்குத் தெரியும் சிவப்பொளி தரும் சில்லை அமெரிக்கரான நிக் ஹோலோன்யாக் 1962 அக்டோபரில் செய்து காட்டினார். அவ்வாண்டு ஆகஸ்ட் 16 அன்றுதான் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்திருந்தது. இரு நிகழ்ச்சிகளுக்கும் எத்தொடர்பும் இல்லை. பிரெஞ்சு ஆட்சி இந்த விளக்கைப் பாராமலே விடைபெற்றது என்பது மட்டும் குறிப்பிடத்தக்கது. பிரகாசமான நீலச் சில்லுக்கு 1993 வரை காத்திருக்க நேர்ந்தது. நீலம் இருந்தால்தான் வெள்ளை எல்.இ.டி. செய்ய முடியும் என்பதால், அதற்கு உழைத்த அகாசாகி, அமானோ, நாகாமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசைத் தீர்மானித்தவர்கள் மின்சாரச் சிக்கனத்தையே மனத்தில் கொண்டிருந்தனர். மட்கார்டு அவர்களுடைய நினைவுக்கு வந்திருக்க வாய்ப்பில்லை.

ரசனை மட்டும் வெளிநாட்டுச் சரக்கன்று. மாசி மகத்தன்று மயிலம் முருகன் முதலாகப் பல ஊர்த் தெய்வங்கள் அருகிலுள்ள வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்காக எழுந்தருள்வதைச் சிறுவயதிலிருந்தே பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, அலங்காரம் இல்லாத வாகனம் குறையுள்ளதாகத் தோன்றுவது இயல்பு. தெய்வங்களுக்கு ஆண்டுக்கொரு முறை அமைவது, தவணையில் வாங்கிய வண்டிக்கு நாள்தோறும் அமைகிறது என்பதே வேறுபாடு.

பொருத்தும் முறை தனி அத்தியாயத்துக்கு உரியது. கடைகளில் ஸ்ட்ரிப் என்று கேட்டால் கிடைக்கும் நாடாவில், மூன்று சில்லுகளும் ஒரு மின்தடையும் சேர்ந்த சிறு துண்டுகள் வரிசையாக அமைந்திருக்கும். துண்டுகளுக்கு இடையே கத்தரிக்கோல் குறி உள்ள இடத்தில் மட்டுமே வெட்ட வேண்டும். நீலமோ வெள்ளையோ, சில்லு ஒன்றுக்கு ஏறத்தாழ 3 வோல்ட் வீதம் மூன்றுக்கு 9 வோல்ட் போக, 12 வோல்ட்டில் எஞ்சும் மூன்றை மின்தடை வெப்பமாக ஏற்றுக்கொள்கிறது. ஆனால் எஞ்சின் ஓடி பேட்டரி சார்ஜ் ஆகும்போது மின்னழுத்தம் 14 வோல்ட்டைத் தாண்டுவதால், சில்லுகள் கடைக்காரர் சொன்னதைவிடப் பிரகாசமாக எரிந்து, அவர் சொன்னதைவிட விரைவில் அணைகின்றன.

நாடாவின் கறுப்பு வயர் வண்டியின் இரும்புச் சட்டத்தில், பாடி எர்த் எனப்படும் இணைப்பில் சேரும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. சிவப்பு வயர் எங்கே சேர வேண்டும் என்பதில்தான் இரு கட்சிகள் உள்ளன. சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் வயரில் சேர்ப்பது ஒரு கட்சி; நேரே பேட்டரியில் சேர்ப்பது மற்றொரு கட்சி. இரண்டாம் கட்சியினருக்கு வண்டி நிற்கும்போதும் அழகு குறையாது என்ற வசதி இருப்பினும், மீட்டருக்கு 14.4 வாட் இழுக்கும் நாடாவை மூன்று மீட்டர் சுற்றினால் மூன்றரை ஆம்பியருக்கு மேல் செலவாகும் என்பதையும், 5 ஆம்பியர்-மணி பேட்டரி அதை ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காது என்பதையும் அவர்கள் நண்பர் வீட்டுக் கல்யாண வரவேற்பு முடிந்து வெளியே வரும்போதே அறிகின்றனர். கிக்கர் இல்லாத புதிய வண்டியை அப்போது தள்ளித்தான் ஆக வேண்டும். தள்ளும் வண்டியில் விளக்கும் எரியாது.

இதனோடு, வயரின் மேலுறையைப் பல்லால் உரித்து, முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி முடிக்கும் தொழில்முறையையும் கணக்கில் கொள்ள வேண்டும். கடற்காற்றின் உப்பு அந்த முறுக்கில் நுழைந்து செம்பைப் பச்சையாக்குகிறது. ஹேண்டில்பாருக்குச் செல்லும் வயரில் தளர்வு விடாவிட்டால், திருப்பத்துக்குத் திருப்பம் அது இழுபட்டு அறுகிறது. சைலன்சரை ஒட்டிச் சென்றால் உருகுகிறது. பேட்டரிக்கு அருகிலேயே தனி ஃபியூஸ், அதாவது மின்சாரம் அளவு மீறினால் தான் உருகி வயரைக் காக்கும் சிறு கம்பி, போடப்படாத வண்டியில் இவற்றுள் எதுவும் புகையில் முடியலாம்.

சட்டம் இவ்வழகை ரசிப்பதில்லை. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 108ஆம் விதி, சில விலக்குகள் நீங்கலாக, வண்டியின் முன்புறம் சிவப்பு ஒளியும் பின்புறம் சிவப்பல்லாத ஒளியும் தெரியக் கூடாது என்கிறது. அமைச்சர்களின் கார்களே 2017 மே 1 முதல் சுழல் விளக்கை இழந்துவிட்ட நாட்டில், நம்பர் பிளேட்டைச் சுற்றி நீலம் மினுக்குபவருக்குச் சலுகை எதிர்பார்ப்பது பேராசை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மாற்றியமைக்கப்பட்ட 182ஏ பிரிவோ, அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. நூற்றெண்பது சில்லுகள் கொண்ட நாடா ஒரு மாற்றமா, நூற்றெண்பது மாற்றமா என்ற நுட்பமான கேள்வியைப் போக்குவரத்துக் காவலரிடம் எழுப்பாமல் இருப்பதே அறிவுடைமை. வடக்கே எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக் கோட்டக்குப்பத்துக்குள் நுழைந்துவிட்டால் தப்பலாம் என்பதும் வீண் நம்பிக்கை. பெட்ரோல் விலைதான் அங்கே மாறுமே தவிர, மத்தியச் சட்டம் மாறாது.

இவ்வளவும் படித்த பின்னும் நாடா வாங்கக் கிளம்பும் வாசகர், முதலில் தம் வண்டியின் பிரேக்கை மிதித்து, பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லட்டும். எரியாவிட்டால், கடையில் முதலில் அந்தப் பல்பைக் கேட்கட்டும்.