சுண்டைக்காயும் சுமைகூலியும்

ஊரில் பைக் வாங்கினால் சாவியோடு ஃப்ரீ சர்வீஸ் கூப்பனும் கைக்கு வரும். ஆயிலுக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு, வண்டியைச் சரியாகக் கழுவவில்லை என்று ஒரு சண்டையும் போட்டுவிட்டு வரலாம். அமெரிக்காவில் எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பனிக்காலத்தில் வாசலில் பனி தள்ள, மற்ற நாளில் விறகு இழுக்க என்று வீட்டில் மனுப்போட்டு, ஒரு போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மன் 570 வாங்கினேன். நாலு சக்கர ஏ.டி.வி. டெட்ராய்ட்டுக்கு வெளியே, கொஞ்சம் காலி நிலத்தோடு வீடு இருப்பதால் மனு ஏற்கப்பட்டது. முதல் 25 மணி நேரம் ஓடியதும் இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றச் சொல்கிறது கையேடு. புது இன்ஜினில் பாகங்கள் உரசிப் பழகும்போது உலோகத் துகள் உதிரும். முதல் ஆயிலோடு அதை வெளியேற்றிவிட வேண்டும்.

டீலரைக் கூப்பிட்டேன். கிட்டத்தட்ட 400 டாலர் என்றார். நிதானமாகப் பட்டியலும் வாசித்தார்: ஆயில், ஃபில்டர், கியர் ஆயில், லேபர், ஷாப் சப்ளைஸ், பழைய ஆயிலை அப்புறப்படுத்தும் கட்டணம். ஷாப் சப்ளைஸ் என்றால்? கை துடைக்கிற துணி வகையறாவாம். அவர் கை துடைக்க நான் மொய் எழுத வேண்டும்! வண்டியை ரோட்டில் ஓட்டிப்போகவும் முடியாது. டிரெய்லர் பிடித்து நாமே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று முதலில் சொன்னவர் இந்த பில்லைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருப்பார்.

நானே செய்துகொள்கிறேன் என்றதும் அவர் குரலில் துக்கம் விசாரிக்கும் தொனி வந்துவிட்டது. “தாராளமாகச் செய்யுங்கள். நாளைக்கே வாரண்டி என்று வந்தால்…” என்று இழுத்தார். அந்த இழுவைக்கு 1975-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். மேக்னஸன்-மாஸ் வாரண்டி சட்டம் என்று பெயர். இலவசமாகச் செய்துகொடுத்தாலொழிய, எங்களிடம் சர்வீஸ் விட்டால்தான் வாரண்டி என்று பொதுவாகக் கம்பெனி நிபந்தனை போட முடியாது. கையேடு சொல்லும் தரத்தில் ஆயில் ஊற்றி, பில்லையும் தேதியையும் மீட்டர் காட்டும் மணிக்கணக்கையும் குறித்து வைத்திருந்தால் போதும்.

வேலை ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. இன்ஜினைக் கொஞ்சம் சூடாக்கி, டிரெயின் போல்ட்டைக் கழற்றி, ஆயில் வடிந்ததும் புது ஃபில்டர், புது வாஷர், ஏறத்தாழ இரண்டு குவார்ட் புது ஆயில். போல்ட்டுக்கு நேர் கீழே, வண்டியின் அடித்தகடான ஸ்கிட் பிளேட்டில் ஒரு ஓட்டை விட்டிருக்கிறார்கள். ஆயிலுக்குத்தான் அது தெரிவதில்லை. பிளேட் முழுக்க உலாவிவிட்டு, நாம் தட்டு வைக்காத இடமாகப் பார்த்துச் சொட்டும். கார் தொழிற்சாலையில் ரிடையரான பக்கத்து வீட்டுக்காரர் காப்பிக் கோப்பையோடு வந்து நின்று, தட்டைத் தள்ளித் தள்ளி வைக்கச் சொல்லி மேற்பார்வை பார்த்தார்.

வடிந்த ஆயிலை வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். கறுப்புக்குள்ளே பொடிப்பொடியாக வெள்ளி மினுங்கியது. கையேட்டில் படித்த துகள் கண்ணெதிரே! டீலரிடம் விட்டிருந்தால் இதைப் பார்த்திருக்க முடியாது; ஆயிலை மாற்றினார்களா என்பதையும்தான்.

கணக்குக்கு வருவோம். ஆயிலும் ஃபில்டரும் 60 டாலருக்குள் முடிந்தன. டார்க் ரெஞ்ச், ஃபில்டர் ரெஞ்ச், தட்டு, கியர் ஆயில் ஏற்றும் பம்ப், ஜாக் எல்லாம் தனி. மனைவி பில்களைக் கூட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, மிச்சம் பிடிச்ச பணத்தை எந்த அக்கவுண்ட்ல போட்டிருக்கீங்க?”

“சாமான் எல்லாம் நம்ம கராஜ்லயேதானே இருக்கு?”

“தெரியுது. கார் வெளியிலதானே நிக்குது!”

ஆக, சுமைகூலி எப்படியும் முக்கால் பணம்தான். டீலரிடம் போனால் ஒவ்வொரு தடவையும். நாமே செய்தால் முதல் தடவை மட்டும். அதனால் ஆயில், ஃபில்டர், கியர் ஆயில் மூன்றையும் நீங்களே மாற்றுங்கள். போல்ட்டை மட்டும் ஆத்திரத்தில் முறுக்காமல், கையேடு சொல்லும் அளவுக்கு முறுக்குங்கள். வால்வு இடைவெளி பார்க்கிற வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். பழைய ஆயிலைத் தோட்டத்தில் கொட்டாதீர்கள்; பெரிய ஆட்டோ பார்ட்ஸ் கடைகளில் பெரும்பாலும் காசு கேட்காமல் வாங்கிக்கொள்வார்கள். இந்த மொத்த விவகாரத்திலும் இலவசம் என்பது அது ஒன்றுதான்.