போன தடவை வந்தப்போ

மலையேறுகிற கூட்டம் எதுவானாலும் அதில் ‘ஏற்கெனவே போனவர்’ என்று ஒருவர் இருந்தே தீருவார். எங்கள் கணபதி லேத் பட்டறைக்கு வாய்த்தவர் வெள்ளியங்கிரிக்கு 14 தடவை போனவர். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் பிப்ரவரியில் பாதையைத் திறந்துவிட்டதிலிருந்து மே கடைசியில் மூடுகிற வரைக்கும் பட்டறையில் அவர் பெயர் ‘பதினாலு’. மிச்ச எட்டு மாதமும் எங்களைப் போல ஒரு டர்னர்.

மூட்டை கட்டுவதே அவர் மேற்பார்வையில்தான். “தலைக்கு ரெண்டு லிட்டர் தண்ணி. புளிசாதம். குளுக்கோஸ். ஆரஞ்சு ஒரு கிலோ, வாய் வறண்டா சுளை போட்டுக்கலாம். ஸ்வெட்டர், போர்வை, மழைக்கோட்டு. போன தடவை வந்தப்போ ஒருத்தன் போர்வை இல்லாம வந்து பல்லு தந்தியடிச்சுதுங்க.” அவர் சொல்லச் சொல்ல நாங்கள் திணித்தோம். வார்ப்பு நிறுக்கிற தராசில் என் பையை வைத்துப் பார்த்தேன். 9 கிலோ 200 கிராம்.

“உங்க பை எங்கீங்ணா?”

“பூசை சாமான் நான் எடுத்துக்கறன் கண்ணு. அதைய ஆரு கையிலயும் குடுக்கக் கூடாது.”

பூசை சாமான் என்பது இரண்டு பாக்கெட் கற்பூரம், ஒரு கட்டு ஊதுபத்தி, தீப்பெட்டி. ஒரு மஞ்சள் பையில் அவர் விரலில் தொங்கியது.

பூண்டி அடிவாரத்தில் இரவு பத்து மணிக்கு இறங்கினோம். வெயிலுக்குப் பயந்து பெரும்பாலோர் ராத்திரியில்தான் ஏறுகிறார்கள். பிளாஸ்டிக் இருக்கிறதா என்று வனத்துறையினர் பைகளைச் சோதிக்கிற இடத்தில், “எல்லாம் நமக்குத் தெரிஞ்சவங்கதான், நான் பேசிக்கறேன்” என்று முன்னால் போனார். தெரிந்தவர்கள் எங்களையெல்லாம் விட்டுவிட்டு அந்த மஞ்சள் பையைத்தான் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார்கள்.

மூங்கில் குச்சி வாங்குவது தனிச் சடங்கு. மற்றவர்கள் காசைக் கொடுத்துக் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். பதினாலு ஒவ்வொன்றையும் தரையில் தட்டி, காதருகே வைத்துக் கேட்டு, கணுவை எண்ணி, இருபது குச்சிகளைக் கழித்துவிட்டுக் கடைசியில் முதலில் எடுத்ததையே எடுத்தார். ஏற்கெனவே வாங்கிய பதினான்கு குச்சிகளில் ஒன்று அவர் வீட்டில் துணிக்கொடிக்கு முட்டுக் கொடுத்து நிற்கிறது. இன்னொன்று புளி உலுக்க. மற்றவற்றைப் பற்றிக் கேட்டால் அவர் மனைவி பேச்சை மாற்றிவிடுகிறார்.

முதல் மலை முழுக்கப் படிகள். சம உயரத்தில் இரண்டு படி சேர்ந்தாற்போல் கிடையாது. ஒன்று கணுக்காலுக்கு, அடுத்தது முழங்காலுக்கு. “இந்த மலைதாங்க கஷ்டம். வெள்ளைப் பிள்ளையாரைத் தாண்டீட்டா அப்புறம் சும்மா நடந்து போறதுதான்” என்றார். பிள்ளையாரைத் தாண்டினோம். இரண்டாவது மலையில், “மொதல் மலை ஒண்ணும் இல்லீங்க, இதுதான் ஆளைக் கொல்லும்” என்றார். மூன்றாவதிலும் இதே வாக்கியம், மலை எண் மட்டும் மாறியிருந்தது.

ஒரு வழி ஏறத்தாழ 6 கிலோமீட்டர் என்று கேள்விப்பட்டிருந்தேன். பதினாலின் வாயில் கிலோமீட்டர் வந்து நான் கேட்டதில்லை. ‘கூப்பிடு தூரம்’, ‘ரெண்டு திருப்பம்’, ‘ஒரு பீடி குடிக்கிற நேரம்’, இவைதான் அவருடைய அளவைகள். பட்டறையில் மைக்ரோமீட்டர் இல்லாமல் ஒரு புஷ்ஷைக்கூடத் தொடமாட்டார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

“ஏறும்போது பேசக் கூடாது, மூச்சு போயிரும்” என்பது அவர் போட்ட சட்டம். எங்களுக்கு மட்டும். அவர் பேசிக்கொண்டே வந்தார். கைதட்டிச் சுனையில் நின்று, கைதட்டினால் தண்ணீர் கூடும் என்று படபடவென்று தட்டினார். தண்ணீர் தன்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. “பாத்தீங்களா, நேத்தைக்கு இப்ப நல்லா வருது” என்றார். நேற்று அவர் எங்களோடு இரண்டாவது ஷிஃப்டில் இருந்தார். பீமன் களியுருண்டையிடம் போனதும், வனவாசத்தில் பீமன் தின்னாமல் விட்ட களி பாறையாகிப்போன கதையைக் கால்மணி நேரம் சொன்னார். பசியில் இருந்த எங்களுக்கு அந்தப் பாறைகூட ருசியாகத் தெரிந்தது. இப்படிக் கதை சொல்வதற்கென்று அவர் நின்ற இடமெல்லாம் செங்குத்தான ஏற்றம் முடிகிற இடமாக இருந்ததையும், ஒவ்வொரு கதையின் முதல் இரண்டு வரியும் வார்த்தை வார்த்தையாக விட்டுவிட்டு வந்ததையும் நான் தாமதமாகத்தான் கவனித்தேன்.

வழியெல்லாம் தற்காலிகக் கடைகள். மலை ஏற ஏறச் சோடா விலையும் ஏறுகிறது. தூக்கிக்கொண்டு வருகிறவன் முதுகை நினைத்தால் அது நியாயம்தான். பதினாலுக்கு இந்தக் கடைகளைக் கண்டாலே ஆகாது. “அப்பெல்லாம் ஒரு கடை கிடையாதுங்க. சுனைத் தண்ணியக் குடிச்சிட்டு ஏறுவோம். இப்பப் பாருங்க, சந்தைக்கடையாட்ட ஆயிப்போச்சு” என்று வருத்தப்பட்டார். வருத்தம் தொண்டையை அடைத்ததால் ஒரு சுக்குக் காப்பி வாங்கிக் குடித்தார். காசு கொடுக்கப் பூசைப் பைக்குள் கைவிட்டபோது கற்பூரம்தான் கைக்கு வந்தது. நான் கொடுத்தேன்.

அவர் உலகமே ஆட்டம் கண்டது ஒட்டன் சமாதிப் பக்கம். திருப்பூர்க் கூட்டம் ஒன்று உட்கார்ந்திருந்தது. அதிலும் ஒரு ‘ஏற்கெனவே போனவர்’ இருந்தார். மஞ்சள் பைகூட அதேதான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததுமே புரிந்துகொண்டார்கள்.

“மொத தடவைங்ளா?” என்று திருப்பூர்க்காரர் கேட்டார். அது எவ்வளவு பெரிய அவமானம் என்பது இந்த இனத்தாருக்குத்தான் தெரியும்.

“இது பதினஞ்சு” என்றார் நம்மவர்.

“அப்படிங்ளா. நமக்கு இருபத்தியொண்ணு.”

அடுத்த முக்கால் மணி நேரம் மலையில் காற்றுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. கடைசியில், “இருபத்தியொண்ணுங்கறான், குச்சியப் புடிக்கவே தெரியலையே” என்றார். பிறகு விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். ஒரு வருடம் சிவராத்திரிக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் இரண்டு முறை வந்தது கணக்கில் விட்டுப்போயிருந்ததாம். ஆக, பதினாறு.

ஆறாவது மலை இறக்கம். இறக்கம் என்றதும் மகிழ்ந்தவர்களைப் பார்த்து, “திரும்பி வாறப்ப இது ஏத்தம் சாமி” என்றார். அந்த ராத்திரியில் அவர் சொன்னவற்றில் சந்தேகத்துக்கு இடமில்லாத உண்மை அதுதான்.

இறங்கினால் ஆண்டி சுனை. விடிய இன்னும் நேரமிருந்தது. அந்தக் குளிரிலும் ஆட்கள் தண்ணீரில் இறங்கி ஊளையிட்டுக்கொண்டு குளித்தார்கள். எதிரே ஏழாவது மலை இருட்டில் சுவர் மாதிரி நின்றது. மேலே டார்ச் வெளிச்சங்கள் எறும்பாக ஊர்ந்தன. பதினாலு ஒரு பாறையைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்தார். என் போர்வையைக் கேட்டு வாங்கிக் காதோடு போர்த்திக்கொண்டார்.

“நீங்க போயிட்டு வாங்க. இத்தன பையையும் ஆரு பாக்கறது? அஞ்சாறு எடத்துல குரங்கு வேற.”

“நீங்க வல்லீங்ளாண்ணா?”

“நான் பாக்காததா கண்ணு!”

மஞ்சள் பையை அவராகவே என் கையில் கொடுத்தார். யார் கையிலும் கொடுக்கக் கூடாதது. பாதி ஏற்றத்தில் எங்கள் பட்டறைப் பெரியவர் குச்சியை ஊன்றி நின்று, மூச்சு வாங்கியபடி சொன்னார்: “அவனை ஒண்ணும் கேட்டுப்போடாதே. பதினாலு தடவையும் பை பாத்துக்கறது அவன்தான்.”

ஏழாவது மலையில் மரமில்லை, புல்தான். காற்று ஆளைத் தள்ளியது. நான்கு காலில் ஏறினேன். குச்சியைச் சேர்த்தால் ஐந்து. தலையில் கட்டியிருந்த துண்டு ஒரு கணத்தில் அவிழ்ந்து கேரளப் பக்கம் போயே போய்விட்டது. ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கும் பாறைகளுக்கு அடியில், குனிந்து போய், சாமியைப் பார்த்தேன். வெளியே வந்தபோது கீழே மேகம் கிடந்தது, அதன் மேல் வெயில் விழுந்துகொண்டிருந்தது. எங்கள் பட்டறை ஆட்கள் யாரும் யாரோடும் பேசவில்லை.

சுனைக்கு இறங்கி வந்தால் பைகள் வரிசையாக, குழந்தைகளைப் போல, படுக்க வைக்கப்பட்டிருந்தன. என் பை காற்றுப்போல் இருந்தது. ஆரஞ்சு ஒரு சுளை இல்லை. “எறங்கறப்ப சுமை இருந்தா முட்டி போயிரும் கண்ணு, அதான் கொறைச்சு வெச்சேன்.” பிறகு மெதுவாகக் கேட்க ஆரம்பித்தார். “கூட்டம் எப்படி? காத்து? உள்ள குனிஞ்சுதான் போகோணுமா, உக்காந்து போகோணுமா? மேகம் கீழ இருந்துச்சா?” நான் துண்டு போன கதை வரை சொன்னேன். அவர் போர்வைக்குள்ளிருந்து, பாடம் கேட்கிற பையன் மாதிரி, தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

இறக்கத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தொடை என்னுடையது இல்லை என்று இரண்டாவது மலையில் தெரிந்துவிட்டது. எதிரே வேர்த்துக் கொட்ட ஏறி வந்த பையன்களிடம் பதினாலு, “வந்தாச்சு தம்பி, ரெண்டே திருப்பம்” என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்.

பூண்டியில் பஸ் ஏறியதும் தூங்கிப்போனேன். பேரூர் தாண்டும்போது அவர் குரல் கேட்டு விழிப்பு வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் இந்த வருடம் ஏறலாமா என்று யோசிக்கிறவர் போலிருக்கிறது.

“ஏழாவது மலைதானுங்க மலை. காலைல ஏறிப் பாக்கறேன், மேகமெல்லாம் காலுக்குக் கீழ கெடக்குது. காத்துன்னா அப்படிக் காத்து. தலைல கட்டியிருந்த துண்டு, கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள கேரளாவுக்குப் போயிருச்சுங்க!”

கேட்டவர் அவர் கழுத்தைப் பார்த்தார். அங்கே துண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

பதினாலு அதை எடுத்து முகத்தைத் துடைத்து, மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

“இது ரெண்டாவது துண்டுங்க. வெவரம் தெரிஞ்சவன் எப்பவும் ரெண்டு கொண்டுபோவான். போன தடவை வந்தப்போ...”