மீன் போடாத மீன் குழம்பு: திருவொற்றியூர் அமெரிக்க உணவகத்துச் சாஸ் பொட்டலம் குறித்த ஓர் ஆய்வு

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில், வறுத்த கோழியும் பர்கரும் விற்கும் ஒரு கடையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழே முக்கால் மணிக்கு என் அத்தை ஒரு வாக்கியம் சொன்னார். இந்த ஆய்வு முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. சிவப்புச் சாஸைச் சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்து, ஒரு கணம் கண்ணை மூடித் திறந்து, அத்தை சொன்னது: "இன்னாடா இது, மீன் போடாத மீன் கொழம்பு மாரி கீது."

பிள்ளைகள் சிரித்தார்கள். ஆய்வாளன், அதாவது நான், சிரிக்கவில்லை. காசிமேட்டில் முப்பது வருஷம் மீன் விற்ற நாக்கு அது. வஞ்சிரம் ஐஸில் கிடந்தது ஒரு ராத்திரியா இரண்டு ராத்திரியா என்று கூடையைத் திறக்கும் முன்பே சொல்லிவிடும் மூக்கு அதற்குத் துணை. இப்பேர்ப்பட்ட கருவி காட்டும் அளவைச் சிரித்துத் தள்ளுவது ஆராய்ச்சிக்கு அழகல்ல.

முதலில் களம் பற்றிய சொற்சிக்கலைத் தீர்த்துவிடுவோம். பிள்ளைகள் அதை 'அமெரிக்கன் ஓட்டல்' என்றார்கள். நம் ஊரில் ஓட்டல் என்றால் சாப்பிடும் இடம். படுக்க வேண்டுமானால் லாட்ஜுக்குப் போக வேண்டும். அமெரிக்காவில் ஓட்டல் என்றால் படுக்கும் இடம், சோறு உபதொழில். ஆனால் ஓட்டல் தொழிலில் 'அமெரிக்கன் பிளான்' என்று ஒன்று உண்டு. அறை வாடகையிலேயே மூன்று வேளைச் சாப்பாடும் அடங்கிவிடும். வாடகையை மட்டும் வாங்கிக்கொண்டு, சோற்றை நீயே பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டால் அது 'ஐரோப்பியன் பிளான்'. இந்த இலக்கணப்படி, எண்ணூர்ப் பக்கம் கான்ட்ராக்ட் ஆட்களுக்குப் பாயும் சோறும் சேர்த்து மாதக் கணக்கு எழுதும் மாடி ரூம்கள்தாம் அசல் அமெரிக்க ஓட்டல்கள். பர்கர் கடை அந்தத் தகுதிக்குப் பக்கத்தில்கூட வராது. இதைக் கடை மானேஜரிடம் நான் சொல்லவில்லை. அவர் பில் போட்டுக்கொண்டிருந்தார்.

அமெரிக்கா இந்தப் பக்கம் முதலில் பர்கரோடு வரவுமில்லை. 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1960களின் தொடக்கத்தில் ஒஹையோ மாநிலத்து மான்ஸ்ஃபீல்டு கம்பெனியோடு சேர்ந்து டயர் போட ஆரம்பித்தது. அடுத்த சில ஆண்டுகளில் மணலியில் எழுந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலும் உர ஆலையிலும் அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியான அமோக்கோவுக்குப் பங்கு இருந்தது. ஆக, டயரும் பெட்ரோலும் யூரியாவும் வந்து நெடுநாள் கழித்துத்தான் பன் வந்தது. பன்னைக் கடித்ததும் டயர் ஞாபகம் வந்ததாக மாமா சொன்னார். அது வரலாற்று உணர்வா விமர்சனமா என்பது மேலாய்வுக்குரியது.

இனி, பொட்டலம். எடை 8 கிராம். ஓரத்தில் இங்கே கிழிக்கவும் என்று ஒரு சின்ன வெட்டு. கோழி எண்ணெய் பட்ட விரலுக்கு அந்த வெட்டு மசியாது. பெரியவன் பல்லால் இழுத்தான்; சாஸ் சட்டைக்குப் போனது. சின்னவள் இரண்டு கையாலும் முறுக்கினாள். எதிர் மேசைக்காரர் நாற்காலியை நகர்த்திக்கொண்டார். நான் பைக் சாவியை எடுத்தேன், அது பற்றி மேலும் எழுத விரும்பவில்லை. அத்தை மட்டும் பொட்டலத்தை இடது கையில் வைத்து, உள்ளிருப்பதைக் கட்டைவிரலால் ஒரு பக்கமாக ஒதுக்கி, காலியான மூலையை நகத்தால் ஒரு கிள்ளு கிள்ளினார். மூலை தனியே வந்துவிட்டது, ஒரு சொட்டுச் சிந்தவில்லை. நெத்திலி ஆய்பவர்களுக்கு இந்த அசைவு தெரியும். தலையைக் கிள்ளும்போதே குடலும் கூட வந்துவிட வேண்டும், கத்தி தேவையில்லை.

இங்கிருந்து ஆய்வு கடலில் இறங்குகிறது. அந்தச் சிவப்புச் சாஸின் பெயரான கெச்சப் என்ற சொல், தென்சீனத்து ஃபூஜியன் கரையோரம் பேசும் ஹொக்கியன் மொழியின் 'கே-சியாப்' என்பதிலிருந்து வந்தது என்பது பெரும்பாலோர் முடிவு. பொருள்: உப்பில் ஊறிய மீனின் சாறு. தக்காளி இல்லை, சர்க்கரை இல்லை, பார்க்கச் சிவப்பாகவும் இருந்திருக்காது. தென்கிழக்காசியத் துறைமுகங்களில் ஆங்கில வணிகர்கள் அதன் ருசி கண்டு ஊருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே போனதும் ஆளாளுக்கு ஒரு கைப்பக்குவம்: காளான் கெச்சப், வால்நட் கெச்சப். 1727-ல் வெளிவந்த எலைசா ஸ்மித்தின் சமையல் நூலில் உள்ள கெச்சப்புக்கு அடிப்படைச் சரக்கு ஆஞ்சோவி. நம் கணக்கில் நெத்திலி.

தக்காளி சேர்ந்தது அமெரிக்காவில். ஃபிலடெல்ஃபியா மருத்துவர் ஜேம்ஸ் மீஸ் 1812-ல் தக்காளிக் கெச்சப்பின் செய்முறையை அச்சேற்றினார். கொஞ்ச காலம் சில வீட்டுச் சமையல்களில் தக்காளியும் நெத்திலியும் ஒரே புட்டியில் குடித்தனம் நடத்தின. பிறகு, கூட்டுக் குடும்பங்களில் நடப்பதுதான், பிந்தி வந்தது வீட்டை எடுத்துக்கொண்டு முந்தி இருந்ததை வெளியே அனுப்பிவிட்டது. 1876-ல் ஹெய்ன்ஸ் தக்காளிக் கெச்சப்பை விற்கத் தொடங்கினார். அதில் மீன் இல்லை. பெயரில் மட்டும் மீன்.

எதிர்வாதம் ஒன்று எழலாம்: சாஸில் மீன் இருந்ததே ஒழிய அது குழம்பாக இருந்ததில்லையே என்று. மீன் குழம்பையும் விசாரிப்போம். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, போர்த்துகீசியர் கப்பலில் வந்தது. தக்காளியும் அங்கிருந்துதான், நம் பாட்டிமார் அதைச் சீமைத்தக்காளி என்று தள்ளியே வைத்திருந்தார்கள். புளிக்குப் பூர்வீகம் ஆப்பிரிக்கா. ஆக, அத்தையின் சட்டியில் காசிமேட்டுக்குச் சொந்தம் என்று மார்தட்ட மிஞ்சுவது மீன்தான். மீனை எடுத்துவிட்டு, புளிக்கு வினிகரைப் போட்டு, மிச்சத்துக்குச் சர்க்கரையைக் கொட்டினால் என்ன கிடைக்கும்? அத்தையின் அளவீட்டில் பிழை காண ஆய்வாளனால் முடியவில்லை.

அன்று கடையை விட்டுக் கிளம்பும்போது, "சோறு வரலியேடா" என்றார் அத்தை. இதெல்லாம் டிபன் கணக்கு என்று சொன்னதற்கு, டிபனுக்கா இவ்வளவு காசு என்று கேட்டார். கேட்டுக்கொண்டே, மேசையில் மிஞ்சிய நான்கு பொட்டலங்களைச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார். அப்போது அதை நான் தரவாகக் குறித்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறு ராயபுரத்தில் அத்தை வீட்டுக்குப் போனேன், கையில் இந்தக் கட்டுரையின் முதல் படி. ஹொக்கியன், எலைசா ஸ்மித், ஹெய்ன்ஸ் என்று வரிசையாகப் படித்துக் காட்ட உத்தேசம். அதற்குள் தட்டு வந்துவிட்டது. சோறு, பக்கத்தில் நெத்திலித் தொக்கு. ஒரு வாய் வைத்தேன். வழக்கமான புளிப்பு இல்லை. அடியில் ஒரு தித்திப்பு. எழுந்துபோய் அடுப்படியில் பார்த்தேன். மேடையில் மூலை கிள்ளிய நான்கு பொட்டலங்கள், பக்கத்திலேயே கிள்ளிப்போட்ட நெத்திலித் தலைகள்.

"புளி தீந்துபோச்சு, அதான்" என்றார் அத்தை. "இன்னும் கொஞ்சம் சோறு வெக்கட்டா?"