கொடிக்குப் பின்னால் ஐரோப்பா

புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் அப்பா, விடியுமுன் பெரட்டுக்கு நிற்பார். பேர் இருந்தால் கூலி. நான் சேமநிதிப் பணத்தில் 12,000 வெள்ளி கட்டி, ஐரோப்பாவில் பெரட்டுக்கு நின்றேன். 10 நாள், 6 நாடு. காலை 5 மணிக்கு ஓட்டல் வாசலில் தலை எண்ணுவார்கள். மண்டோர் கையில் கம்புக்குப் பதில் கொடி.

ஈபிள் கோபுரத்துக்கு 15 நிமிடம். அதற்கடுத்த வாசனைத் திரவியக் கடைக்கு ஒன்றரை மணி நேரம். கழிவறையும் கடைக்குள்ளேயே இருந்ததால் தப்ப வழியில்லை. சுவிட்சர்லாந்தின் திட்லிஸ் மலை 3,000 மீட்டருக்கு மேல் என்றார்கள். நம்பிக்கொண்டோம், தெரிந்தது பனிமூட்டம் மட்டும். கேமரன் மலையில் அதற்குக் காசு வாங்குவதில்லை. இரவு எந்த நாட்டில் இறங்கினாலும் அதே பருப்பு, அதே கோழி.

ஊர் திரும்பிய வாரம் கம்போங் குவாந்தானுக்குப் போனேன். சிலாங்கூர் ஆற்றோரம் பெரெம்பாங் மரங்களில் மின்மினி பார்க்கக் கோலாலம்பூரிலிருந்து பேருந்துகள் வந்திருந்தன. அன்று முழுநிலா. நிலவில் மின்மினி மங்கித்தான் தெரியும். எந்த விளம்பரத்திலும் அந்த வரியைக் காணோம். அதற்கு முன், மாலையில் பக்கத்து மலாவாத்தி குன்றில் 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கத்தைப் பார்க்கவிடாமல் குரங்குகள் வேறு மொய்த்திருக்கும்.

சம்பானிலிருந்து இறங்கிய வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவரிடம், “நன்றாகத் தெரிந்ததா?” என்றேன். வாய் திறப்பதற்குள் தூரத்தில் கொடி உயர்ந்தது. மனிதர் ஓடினார்.