வழியும் வண்ணமும் வாசிக்கப்படாத கிட்டாரும்

உடல், கழுத்து, பிக்கப் எனப் பாகம் பாகமாகப் பெட்டியில் வரும் மின்கிட்டாரைத் தாமே பூட்டிக்கொள்வோருள் பலர், அதன் இசையைக் காட்டிலும் மேனியைப் பற்றியே மிகுதியும் கவலைப்படுவதால், நீர்க்கக் கலந்த அக்ரிலிக் வண்ணங்களைத் தூரிகையின்றிக் கவிழ்த்து வழியவிடும் முறையை நாடுகின்றனர். மெக்சிக்க ஓவியர் சிக்கெய்ரோஸ் 1936இல் நியூயார்க்கில் நடத்திய பட்டறையில், கார்களுக்குரிய வண்ணங்களை ஊற்றிச் சோதித்த இதையொத்த உத்தி, இன்று திட்டமிட்டு வரவழைக்கப்படும் தற்செயலாக வளர்ந்துள்ளது. வண்ணத்தில் அழகிய வட்டங்களைத் தோற்றுவிக்கும் சிலிக்கோன் எண்ணெயே பின்னர்ப் பூசும் மெருகைப் படியவிடாமல் குழியாக்குகிறது; கழுத்து பொருந்தும் பள்ளத்தில் வழிந்து உலர்ந்த வண்ணமோ கழுத்தையே ஏற்க மறுக்கிறது. காந்தமும் கம்பிச்சுருளும் சேர்ந்த பிக்கப் எஃகுத் தந்தியின் அதிர்வையே உணர்வதால், இத்தனை வண்ணமும் அதற்கு எட்டுவதில்லை. வாசிப்பவரின் பிழைகள் மட்டும் ஒன்றுவிடாமல் எட்டுகின்றன.