ஃபேனுக்குப் பாடம் நடத்திய கதை

2020-ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச் 27-இல் தொடங்குவதாக இருந்தது. கொரோனா வந்து ஏப்ரலுக்குத் தள்ளியது. பிறகு ஜூன் 1 என்றார்கள். அதுவும் சரிப்படாமல் ஜூன் 15 என்றார்கள். தேதி தள்ளிப்போகும் ஒவ்வொரு தடவையும் எங்கள் பள்ளி நிர்வாகத்துக்கு ஒரே யோசனைதான் வந்தது: "இன்னொரு ரவுண்டு ரிவிஷன் வெச்சிடுங்க மிஸ்." சம்பளம் பாதியாகியிருந்தது, ரிவிஷன் இரட்டிப்பாகியிருந்தது. கணக்கு டீச்சர் என்பதால் இந்தக் கணக்கு எனக்குச் சட்டென்று புரிந்தது.

கோவில்பட்டிப் பக்கத்தில் தனியார் பள்ளி. பாதிப் பிள்ளைகள் சுற்றுப்பட்டியிலிருந்து வேனில் வருகிறவர்கள். வேன் நின்ற ஊர்களுக்கெல்லாம் ஜூம் போனது.

இங்கிலீஷ் மிஸ்ஸுக்குப் பிரச்சினை இல்லை, போனைப் பார்த்துப் பேசினால் போதும். கணக்கை எப்படிப் பேசுவது? எழுதிக் காட்ட வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து கண்ணாடித் தட்டு ஒன்றை உருவினேன். இந்தப் பக்கம் அரிசி டப்பா, அந்தப் பக்கம் பருப்பு டப்பா, மேலே தட்டு, தட்டின்மேல் குப்புறப் படுத்த போன். கீழே வெள்ளைத்தாள். பிள்ளைகளுக்கு என் கையும் பேனாவும் தெரியும். எனக்கு எதுவும் தெரியாது. குனிந்து, டப்பாக்களுக்கு நடுவே தலையை விட்டு மேல்நோக்கிப் பார்த்தால்தான் யார் வந்திருக்கிறார்கள் என்று தெரியும். அப்படிப் பார்க்கும்போது என் மூக்கு மட்டும் நாற்பது வீடுகளில் பெரிதாகத் தெரியும்.

"தட்ட எடுத்துட்டுப் போயிட்ட, தயிர எங்கம்மா வைக்கட்டும்?" என்று மாமியார் கேட்டதும் அந்த நாற்பது வீடுகளுக்கும் கேட்டது.

செய்முறை வடிவியல் எட்டு மதிப்பெண். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று வருடம் முழுக்கச் சொல்லிவந்த கேள்வி அது. வட்டத்துக்கு வெளியே இருக்கும் புள்ளியிலிருந்து தொடுகோடு வரைய வேண்டும். காம்பஸை ஊன்றி வட்டம் போட்டு, புள்ளியைக் குறித்து, மையக்குத்துக்கோடு வரைந்து, அதிலிருந்து இன்னொரு வட்டம் போட்டு, இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஸ்கேலை வைப்பேன். கோடு போட வேண்டியதுதான் பாக்கி. அப்போது ஜூம் தன் வேலையைக் காட்டும். இலவச வகுப்புக்கு 40 நிமிடம்தான் ஆயுள். மறுபடி லிங்க் அனுப்பி, எல்லோரும் வந்து சேர்ந்ததும் ஒரு பிள்ளை எழுதும்: "மிஸ், முதல்ல இருந்து."

இதற்கிடையில் ஏப்ரல் 16-ஆம் தேதி, ஜூம் பாதுகாப்பானதல்ல என்று மத்திய உள்துறை அமைச்சகம் எச்சரித்தது. ரகசியங்கள் வெளியே போய்விடுமாம். பைதாகரஸ் தேற்றம் உள்ளே போனால் போதும், வெளியே போவதைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

பிள்ளைகள் பெரும்பாலும் கேமராவைத் திறக்கவில்லை. திறந்தவர்களும் போனை மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். ஆகவே நான் பாடம் நடத்தியது விட்டத்து ஃபேன்களுக்கு. மூன்று இறக்கை, நான்கு இறக்கை, ஒட்டடை படிந்தது, தலையாட்டிக்கொண்டு சுற்றுவது என்று பலவிதம். வகுப்பறையில் ஒருவனுக்குப் புரியவில்லை என்றால் புருவம் சொல்லிவிடும். நானும் அந்த வரியை இன்னொரு தடவை போடுவேன். ஃபேனுக்குப் புருவம் கிடையாது. "புரியுதா?" என்றால் சுற்றிக்கொண்டே இருக்கும். தலையாட்டுகிற அந்த ஒரு ஃபேன் மட்டும் கொஞ்சம் ஆறுதல்.

ஒரு பையன் ஊரில் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தொட்டி ஏணியில் பாதி தூரம் ஏறினால்தான் என் குரல் கேட்குமாம். அன்றைக்கு முக்கோணவியல். மேலே நிற்பவர் கீழே இருப்பதைப் பார்த்தால் இறக்கக்கோணம், கீழே நிற்பவர் மேலே பார்த்தால் ஏற்றக்கோணம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவன் மைக்கில் ஓர் அம்மாவின் குரல்: "எல, நீ எறங்குதியா, நான் ஏறி வரவா?" ஒரே வாக்கியத்தில் இரண்டு கோணத்தையும் நடத்தி முடித்துவிட்டார்.

இன்னொரு பெண், நன்றாகப் படிக்கிறவள், பகலில் வரவே மாட்டாள். வீட்டில் இருந்த ஒரே போன் அப்பாவுடையது. அப்பா சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். காய்கறி வண்டிக்கு ஊரடங்கில் தடை இல்லை என்பதால் போனும் தக்காளியோடு கிளம்பிவிடும். இரவு எட்டரைக்கு அவளுக்குத் தனியாக நடத்தினேன். பக்கத்தில் அப்பாவும் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். நிகழ்தகவு நடத்தியபோது அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"டீச்சர், செக்போஸ்ட்ல என் வண்டிய நிறுத்துறதுக்கு நிகழ்தகவு எவ்ளோ?"

"எத்தன தடவ போனீங்க, எத்தன தடவ நிறுத்துனாங்க?"

"போன தடவையெல்லாம் நிறுத்துனாங்க."

"அப்ப ஒண்ணு."

"அது நிச்சய நிகழ்ச்சிப்பா," என்று மகள் திருத்தினாள். அந்த ரிவிஷனில் எனக்குக் கிடைத்த ஒரே சரியான விடை அதுதான் என்று நினைக்கிறேன்.

ஜூன் 9. தேர்வுக்கு ஆறு நாள்தான் இருந்தது. வரைபடக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன். முதலமைச்சர் அறிவித்துவிட்டார்: தேர்வு ரத்து, மாநிலம் முழுக்க 9 லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளும் தேர்ச்சி. யார் முதலில் பார்த்தார்களோ தெரியவில்லை, "ஏய், ஆல் பாஸுடா!" என்று ஓர் அலறல். இரண்டு மாதமாக "மைக் வேலை செய்யல மிஸ்" என்று எழுதிவந்த அத்தனை பேருடைய மைக்கும் அந்த நொடியில் வேலை செய்தது. குக்கர் விசில், பக்கத்துவீட்டு டிவி, யாரோ முதுகில் யாரோ அடிப்பது எல்லாம் ஒருசேரக் கேட்டது.

காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 சதவீதம், வருகைப்பதிவுக்கு 20 சதவீதம் என்று விவரமும் வந்தது. முதல் மாணவி அழ ஆரம்பித்தாள், அரையாண்டில் அவளுக்குக் காய்ச்சல். அவளைச் சமாதானப்படுத்திக்கொண்டிருக்கும்போது, அதுவரை வாயே திறக்காத ஒரு ஃபேன் பேசியது.

"மிஸ், வருகைப்பதிவுக்கு இருவது பர்சன்டாமே. ஜூம்ல வந்ததையும் சேத்துக்கிடுவீங்களா?"

"எல, வந்தது நீயா, ஃபேனா?"

"ரெண்டு பேருந்தான் மிஸ்."